கழன்ற சக்கும் கழலாத சக்கும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

எல்லாம் வல்லவன் தங்கள் வலது முழங்காலைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, புதிதாகப் பொருத்திய மூட்டைப் பழையதைவிடப் பணிவுள்ளதாக ஆக்குவானாக என்று வேண்டிக்கொண்டு இக்கடிதத்தைத் தொடங்குகிறேன். இங்கு நான் நலம். என் மனைவி நலம். ஆனால் என்னிடம் சுருக்கமாகவே பேசுகிறாள். தாங்கள் நம்பி ஒப்படைத்துச் சென்ற வீடு நலம். செடிகள் நலம். பட்டறையும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதிப் பழக்கமில்லாத பேனா ஆகையால், அது அந்த இடத்தில் நின்றுவிட்டது.

தொலைபேசியில் சொல்லக்கூடாதா, கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் மூத்த மகன் வீட்டுக்குப் போனதிலிருந்து, நான் எப்போது அழைத்தாலும் சம்பந்தியம்மாள் தொலைபேசியை மேசைமேல் வைத்து, கூடத்தில் உள்ளவர்கள் எல்லாரும் கேட்கும்படி செய்துவிடுகிறார். என் மலச்சிக்கலைப் பற்றித் தங்களிடம் மட்டும் அந்தரங்கமாகச் சொன்ன செய்திக்கு, தங்கள் மூத்த மருமகளும், தங்கள் காலுக்குப் பயிற்சி தர வந்த பெண்ணும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஆதலின் இதனைத் தாங்கள் தனியே, காலை நீட்டி அமர்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் எறியத்தக்க பொருள் ஏதும் இல்லாத இடத்தில் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நம் இருவருக்கும் பொதுவான பேரக்குழந்தைக்கென்று தாங்கள் தங்கள் கையாலேயே செய்த மரத்தொட்டில், தாங்கள் விட்டுச் சென்றபடியே கூடத்தில் நின்றது. நான்கு மூலைத் தூண்கள். மூன்றின் தலையில் மொட்டுப் போலக் கடைந்த குமிழ்கள். நான்காவதன் தலையில் குமிழ் ஏற வேண்டிய இரும்புத் திருகாணி மட்டும் விரல் நீளத்துக்கு வானத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. அந்த நான்காம் குமிழுக்கான கட்டையின் அடியில் தாங்கள் துளையெல்லாம் இட்டு, அந்த அடிப்பக்கத்தைக் கடைசல் லேத்தின் சக்கு கவ்வும்படி அதன் வாயில் கொடுத்து, பாதி உருட்டி, பாதி உருட்டாமல் வைத்திருந்தீர்கள். காரில் ஏறும்போது தாங்கள் சொன்னதும் என் காதிலேயே இருக்கிறது. “சம்பந்தி, பட்டறை சாவி உங்ககிட்ட. லேத்தை எண்ணெய்த் துணியால தொடச்சு வச்சா போதும். அந்தக் குமிழை நான் வந்து முடிச்சுக்கறேன். நீங்க தொட வேண்டாம்.” தொட வேண்டாம் என்பதை என் முதுமையின்மேல் தாங்கள் காட்டிய பரிவு என்றே நான் பொருள் கொண்டேன். கட்டளையைத்தான் மீறக்கூடாது. பரிவை மென்மையாக மறுத்துவிடலாம் என்பது என் கருத்து.

மறுக்க வேண்டிய நிலையும் வந்தது. தங்கள் கால் ஆறத் தாமதமாகும் என்றார்கள். குழந்தையோ தாமதிக்காது என்றார்கள். ஒரு நாள் என் மகள் தொட்டிலுக்கு விரிப்பு விரிக்கும்போது அந்தத் திருகாணி அவள் முழங்கையைக் கீறிவிட்டது. “இந்தக் கம்பி நீட்டிட்டிருக்கற வரைக்கும் இதுல நான் பாப்பாவைப் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். தங்கள் இளைய மகனாகிய நம் மாப்பிள்ளை உடனே ஒரு ரப்பர்ப் பந்தைத் தன் காலுறைக்குள் போட்டு, அதைத் திருகாணியின்மேல் கட்டினார். தொட்டில் பல்வலிக்காரனைப் போலக் காட்சியளித்தது. பிறகு அவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நெகிழியால் ஆன தொட்டில். மின்சாரத்தில் தானே ஆடுமாம். அதுவும் போகட்டும். “பொத்தானை அழுத்தினா பாடவும் செய்யும் மாமா” என்றார். குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாளுக்குள் நான்காம் குமிழ் ஏறாவிட்டால் அதை வரவழைத்துவிடுவது என்று கணவனும் மனைவியும் முடிவு செய்துவிட்டார்கள்.

சம்பந்தி, என் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாங்கள் தொட்டில் செய்யத் தொடங்கிய நாளில்தான் நானும் என் பங்குக்கு ஒரு தாலாட்டு பாடத் தொடங்கினேன். நூறு பாடல்கள், ஒன்றின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்தது தொடங்கும், நூறாவது முடியும் இடத்தில் முதலாவது வந்து கைகோத்துக்கொள்ளும். அதைக் கேட்ட என் மனைவி, “இது முடியறதுக்குள்ள குழந்தைக்கே பேரன் பொறந்துடுவான்” என்று சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் தானே ஆடித் தானே பாடும் தொட்டில் ஒன்று வந்தால், தாங்கள் மரத்தில் செய்ததும் நான் சொல்லில் செய்ததும் ஒரே பரணுக்குத்தான் போகும். தாத்தாக்கள் இருவரும் பொத்தான் ஒன்றினால் பணிநீக்கம் செய்யப்படுவோம். இதை எண்ணிய மாத்திரத்தில் பட்டறைச் சாவி என் கையில் இருந்தது. எப்படி வந்தது என்று நான் அறியேன்.

கடைசல் வேலை எனக்கு அந்நியமன்று என்பதைத் தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள். தாங்கள் கடையும் மாலைகளில் எல்லாம் மோட்டார்ப் பக்கத்து முக்காலியில் அமர்ந்து, தங்களுக்குக் கேட்கிறதோ இல்லையோ, நான் பாடல்களும் அவற்றின் உரைகளும் சொல்லி வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் தங்கள் சக்கு வலமாகச் சுழல்வதைக் கண்டு மனம் நிறைந்திருக்கிறேன். தாங்கள் சக்கு என்று மூன்று எழுத்தில் முடித்துக்கொள்ளும் அந்த இரும்பு உருளைக்கு, நான்கு தாடைகளால் கட்டையைக் கவ்வித் தான் சுழல்தண்டின் மரையில் திருகி நிற்கும் அதன் பெருமையைக் கருதி, நாற்றாடைப் பற்றி என்று நான் மனத்துக்குள் பெயரிட்டும் வைத்திருந்தேன். வெண்பாவில் அமைக்கச் சக்கைவிட அது ஏற்றது.

நல்ல நேரம் பார்த்து, நீராடி, வழிபாட்டை முடித்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தேன். தங்கள் தோல் மேலங்கியை அணிந்துகொண்டேன். அது என்னை இரண்டு சுற்றுச் சுற்றியது. விசையைப் போட்டேன். கட்டை நேராக ஓடுகிறதா என்று பார்க்கத் தாங்கள் லேத்தின் மறுகோடிக்குப் போய்க் குனிந்து பார்ப்பீர்களே, அவ்வாறே நானும் போய்க் குனிந்து பார்த்தேன். பார்த்தவன் திடுக்கிட்டுப் போனேன். சக்கு இடமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

இவ்விஷயத்தில் என் கொள்கை தாங்கள் அறிந்ததே. நலம் தரும் எதுவும் வலமாகவே சுழல வேண்டும். காப்பியில் சர்க்கரையைக்கூட நான் வலமாகத்தான் கலக்குவேன். இடமாகக் கலக்கிய காப்பியை ஒரு நாள் அடுக்களைக்குத் திருப்பி அனுப்பினேன்; மறுநாள் காப்பியே வரவில்லை; அப்போதும் நான் கொள்கையை விடவில்லை. அப்படியிருக்க, பிறக்கப்போகும் குழந்தையின் தலைமாட்டில் நிற்க வேண்டிய குமிழ் இடஞ்சுழியில் உருவாவதா? இத்தனை நாள் வலமாக ஓடிய லேத்து இன்று இடமாக ஓடுவானேன் என்று சிந்தித்தேன். சில நாள்களுக்கு முன் மாப்பிள்ளை பட்டறையைப் பெருக்கினார் என்பது நினைவுக்கு வந்தது. பெருக்கும்போது எதையோ மாற்றிவிட்டார் என்று தெளிந்தேன். விசைக்குப் பக்கத்தில் திசைமாற்றும் பிடி ஒன்று இருந்தது. அது நகராதபடி அதன்மேல் தாங்கள் பசையுள்ள பட்டைத்தாள் ஒன்றைக் குறுக்காக ஒட்டியிருந்தீர்கள். தூசி படியாமலிருக்க ஒட்டியது என்று கருதி, அதை மரியாதையாக உரித்து எடுத்துவிட்டுத் திசையை மாற்றினேன்.

சக்கு ஒரு கணம் வலமாகச் சுழன்றது. அந்த ஒரு கணம் என் உள்ளம் குளிர்ந்தது உண்மை. மறுகணம் அது, நெடுநாள் பிரிந்த உறவினரைக் கண்டதுபோல, தண்டைவிட்டு என்னை நோக்கி மெல்ல மெல்ல முன்னேறி வந்தது. நான் பின்வாங்கினேன். அது மரையின் கடைசிச் சுற்றையும் கடந்து, கட்டையை வாயில் கவ்வியபடியே லேத்தின் இரும்புப் படுக்கையில் விழுந்து, அங்கிருந்து தரைக்குத் தாவி, சிமெண்டில் ஒரு சில்லு பெயர்த்து, தங்கள் எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் பலகைக்கு அடியில் போய்ப் படுத்தது. இறைவன் அருளால் என் கால்விரல்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன. தங்கள் எண்ணெய் தங்களிடம் இல்லை.

நான் முக்காலியில் அமர்ந்து நெடுநேரம் யோசித்தேன். என் வாழ்நாள் முழுதும் பற்றை அறுக்கும்படியே இறைவனை வேண்டி வந்திருக்கிறேன். அவனும் வேறு யாருடைய பற்றையோ அறுத்துவிட்டு, என்னுடையதை அப்படியே விட்டு வைத்திருந்தான். இன்று முதன்முறையாக ஒரு பொருளுக்குப் பற்று உண்டாக வேண்டும் என்று அவனை வேண்ட நேர்ந்தது. இதுபற்றி ஒரு வெண்பாவும் தொடங்கினேன். மூன்றாம் அடியில் தளை தட்டியது. இரும்பே தளையில் நில்லாதபோது சொல் எங்கே நிற்கப்போகிறது என்று அதையும் விட்டுவிட்டு, இரும்புக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் விஷயம் தெரிந்தவராகவே தோன்றினார். லேத்துச் சக்கு கழன்று விழுகிறது என்றதும், “எந்தப் பக்கம் சுத்துது சார்?” என்று கேட்டார். “வலப்பக்கம்தான், முறைப்படி” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்; என் குரலில் இருந்த உறுதி அவரையும் தொற்றிக்கொண்டது போலும். “அப்ப சுத்தச் சுத்த இறுகத்தானே செய்யணும். மரை தேஞ்சிருக்கும்” என்று தங்கள் லேத்தின்மேல் பழியைப் போட்டு, நீண்ட ஸ்பானர் ஒன்றும் மரையில் விடும் பசைக் குப்பி ஒன்றும் கொடுத்தார். “ரெண்டு சொட்டு போதும் சார். அதுக்கு மேல விட்டீங்கன்னா, அப்புறம் நீங்களே வேண்டாம்னாலும் விடாது” என்றார். இக்காலத்தில் இப்படிப்பட்ட விசுவாசம் குப்பியிலாவது கிடைக்கிறதே என்று மகிழ்ந்து இரண்டையும் வாங்கி வந்தேன்.

பசையைக் கடைசிப் படையாக ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் ஸ்பானரால் சக்கை என் வலிமை முழுவதும் கொண்டு இறுக்கினேன். மனைவியைப் பட்டறை வாசலில் கைப்பேசியுடன் நிறுத்தினேன். அவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, “நான் ஆம்புலன்ஸை உங்களுக்குக் கூப்பிடவா, பொண்ணுக்குக் கூப்பிடவா, முதல்லயே சொல்லிடுங்க” என்று கேட்டாள். நான் விசையை வலமாகப் போட்டேன். சக்கு கழலவில்லை. நான் வெற்றிப் பார்வை ஒன்றை வாசலை நோக்கிச் செலுத்திவிட்டு, தாங்கள் நிற்கும் இடத்தில் நின்று, தாங்கள் பிடிக்கும் விதத்தில் உளியைப் பிடித்து, கட்டையின்மேல் வைத்தேன். உளி வெட்டவில்லை. கட்டை கிறீச்சிட்டது. சிறிது புகை வந்தது. மணம் நன்றாகவே இருந்தது. மரம் பிடிவாதம் பிடிக்கிறது என்று கருதி, நானும் பிடிவாதமாக அழுத்தினேன். நான் அழுத்த அழுத்தச் சக்கு தளர்ந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது அது என் இடுப்பளவு உயரத்தில் இருந்தது.

இம்முறை அது பலகைக்கு அடியில் ஒளிந்துகொள்ளவில்லை. வாசலில் நின்ற என் மனைவி ஒதுங்கி வழிவிட, சரிவில் உருண்டு, முற்றத்தைக் கடந்து, காலியாயிருந்த இரும்புத் தண்ணீர்ப் பீப்பாயில் போய் மோதியது. எழுந்த ஓசையைக் கோபுரமணி என்று சொன்னால் மிகையாகாது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டி, வீட்டுக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று விசாரித்தார். இன்னும் வரவில்லை, எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று என் மனைவி பதில் சொல்லி அனுப்பினாள்.

ஓசை கேட்டு என் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். சக்கைப் பார்த்தாள், புகை படிந்த கட்டையைப் பார்த்தாள், உரித்து வைத்த பட்டைத்தாளைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நடந்ததை எல்லாம் வலம், இடம் என்ற தத்துவத்துடன் சேர்த்து விளக்கினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டது எனக்கே வியப்பாக இருந்தது. பிறகு என்னை முக்காலியில் உட்காரச் சொன்னாள். திசைமாற்றியைப் பழைய இடத்துக்குத் தள்ளி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சக்கு இல்லாத வெறுந்தண்டைத் தன் கையால் சுழற்றினாள்.

“இப்ப எந்தப் பக்கம் சுத்துது?”

“வலம்” என்றேன்.

“நான் கையை நிறுத்தல. நீங்க எழுந்து அப்படியே அந்தக் கோடிக்குப் போய் நின்னு பாருங்க. இப்ப?”

போய் நின்று பார்த்தேன். என் கண்களை என்னாலேயே நம்ப முடியவில்லை. “இடம்” என்றேன்.

“அது நகரலப்பா. நீங்கதான் நகர்ந்தீங்க.”

சம்பந்தி, எத்தனையோ உரையாசிரியர்களை நான் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக என்னை யாரும் உட்கார வைத்ததில்லை. கூடத்துச் சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறதே, அதன் கண்ணுக்கு அந்த முட்கள் என்றென்றும் இடமாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பல்லி என் காப்பியை டம்ளருக்கு அடியிலிருந்து பார்த்தால், என் கொள்கை முழுவதும் தலைகீழ். இறைவன் எந்தப் பக்கத்தில் நின்று பார்க்கிறான் என்று எனக்குச் சொன்னவர் யார்? அவன் எல்லாப் பக்கமும் நிற்கிறான் என்றுதானே நானே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். தாங்கள் ஓட்டும் திசையில் ஓடினால்தான் வெட்டும் வேகத்தில் சக்கு தானே இறுகும் என்றும், எதிர்த்திசையில் ஓடினால் தானே கழலும் என்றும், அதற்காகத்தான் மாமா பட்டைத்தாள் ஒட்டியிருக்கிறார் என்றும் என் மகள் சொன்னாள். “அவர் சொல்லிட்டிருக்கும்போதெல்லாம் நீங்க பாட்டு சொல்லிட்டிருந்தீங்க” என்றும் சொன்னாள்.

நான் முக்காலிக்கும் மறுகோடிக்குமாக மாறி மாறி நடந்து பார்த்த காட்சி அவளுக்குப் புதிது. முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, லேத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. லேத்தைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை. என் மனைவி அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நான் கேட்டதுக்கு விடை கிடைச்சாச்சு” என்று கைப்பேசியைக் காதில் வைத்தாள். அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் காரை எடுத்துவிட்டார். தங்கள் தோல் மேலங்கியைக் கழற்ற நேரமில்லாததால், நான் அதனுடனேயே ஆஸ்பத்திரிக்குச் சென்றேன். வாசலில் என்னை மருத்துவமனைக் கொல்லர் என்று நினைத்துப் பின்வழியாக அனுப்பினார்கள்.

பேத்தி பிறந்த செய்தி அன்றே தங்களுக்கு எட்டியிருக்கும். தாயும் சேயும் நலம் என்பதும் எட்டியிருக்கும். எட்டாதது ஒன்று உண்டு. பிரசவ அறைக்கு வெளியே நான் பாராயணம் செய்துகொண்டிருந்தேன். அங்கிருந்த செவிலி அதை முதலில் பணிவாகவும் பிறகு பணிவின்றியும் நிறுத்தச் சொன்னார். கடைசியில் குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். அது கண்ணை மூடிக்கொண்டு, தன் முழுக்கையால் என் சுண்டுவிரலைப் பற்றியது. நான்கு தாடையும் இல்லை, மரையும் இல்லை, ஸ்பானரும் இல்லை. ஆனாலும் என்னால் விரலை எடுக்க முடியவில்லை. பற்றை அறுக்க வேண்டும் என்று நான் நெடுங்காலமாகக் கொடுத்து வந்த விண்ணப்பத்தை அந்த இடத்திலேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் கண்ணைப் பார்த்த என் மனைவி, வழக்கத்துக்கு மாறான மென்மையுடன், “நீங்க இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க? வீட்டுக்குப் போய் அந்தக் குமிழையாவது முடிங்க. பாப்பா வந்துடுவா” என்றாள்.

அதன்பின் நான் செய்ததில் தாங்கள் குறை காண இயலாது. திசை தங்கள் திசை. பட்டைத்தாளை முன்போலவே ஒட்டிவிட்டேன். ஆயினும் இருமுறை என்னைக் கைவிட்ட சக்கை மூன்றாம் முறை வெறுமனே நம்புவது பக்தியாகுமே தவிர அறிவாகாது. எனவே பசைக் குப்பியைத் திறந்தேன். இரண்டு சொட்டுப் போதும் என்று கடைக்காரர் சொன்னது, சக்கு கழன்று விழக் கண்டிராதவர்களுக்கு. நான் மரை முழுவதும் நனையும்படி விட்டுச் சக்கை ஏற்றி இறுக்கினேன். குப்பியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சக்கின் கழுத்தில் சிறு துளைகளும் உடம்பில் சற்றுப் பெரிய துளைகளும் இருப்பதைக் கண்டேன். துளை என்பது தளர்ச்சியின் வாயில் அல்லவா? அவை அனைத்தையும் விளிம்புவரை நிரப்பி மூடினேன். காயும்வரை காத்திருந்தேன். பிறகு விசையைப் போட்டு உளியை வைத்தேன்.

வெட்டியது, சம்பந்தி. கீற்றுக் கீற்றாகச் சுருள்கள் என் தோளைத் தாண்டி விழுந்தன. தாங்கள் ஏன் நான் சொல்லும் உரைகளைக் கேட்பதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த ஓசை இருக்கும்போது வேறு எதுவும் காதில் விழவில்லை. தங்கள் மூன்று குமிழ்களும் மலரப்போகும் மொட்டுகள் போல இருக்கின்றன. என்னுடையது, மலர்வதா வேண்டாமா என்று ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து யோசிக்கும் மொட்டுப் போல இருக்கிறது. தேய்த்து வழவழப்பாக்கிவிட்டேன். மிச்சமிருந்த எண்ணெயைத் தரையிலிருந்து துணியால் எடுத்துத் தடவினேன். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்தவர் எட்டிப் பார்த்து, குமிழை விரலால் ஒருமுறை தடவினார். “அப்பா பாத்தா சந்தோஷப்படுவார் மாமா” என்று சொல்லிவிட்டு, நெகிழித் தொட்டிலின் படத்தைத் தம் கைப்பேசியிலிருந்து என் கண்முன்னேயே நீக்கினார்.

நாளை குழந்தை வீட்டுக்கு வருகிறது. குமிழைச் சக்கிலிருந்து எடுத்துத் திருகாணியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. இந்தக் கடிதத்தை முடித்துக்கொண்டு அதையும் செய்துவிடுவேன். தாலாட்டின் முதல் பாடலை ஆஸ்பத்திரியிலேயே மெல்லப் பாடிப் பார்த்தேன். மூன்றாம் அடியிலேயே குழந்தை உறங்கிவிட்டது. இது பாடலின் வெற்றி என்பது என் முடிவு. என் மனைவியின் முடிவு வேறு. தங்கள் பட்டறைக்கு என்னால் ஏற்பட்ட இழப்பு, ஒரு டப்பா எண்ணெயும் தரையில் ஒரு சில்லும் பீப்பாயில் ஒரு நெளிவுமே. அதற்கு ஈடாகத் தங்கள் சக்கை, இனி எத்திசையில் ஓட்டினாலும், யார் ஓட்டினாலும், எக்காலத்தும் கழலாதபடி உறுதிப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். தாங்கள் இத்தனை காலம் செய்யாமல் விட்ட ஒரு வேலையை முடித்த நிறைவு எனக்கு உண்டு.

தங்கள் முழங்கால் தங்கள் சொற்படி மடங்கி நிமிர்வதாக. சம்பந்தியம்மாளின் கைப்பேசி அவ்வப்போது ஓய்வு கொள்வதாக. நம் பேத்தி நம் இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் நாள்வரை நாம் இருவரும் கழலாமல் இருப்போமாக.

இங்ஙனம்,
தங்கள் அன்பிற்கும் பொறுமைக்கும் உரிய
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தாங்கள் படித்து முடித்திருந்தால், அருள்கூர்ந்து மறந்துவிடவும். உறையை ஒட்டுவதற்குமுன் குமிழை எடுத்துவிடலாம் என்று பட்டறைக்குப் போனேன். சக்கின் தாடைகளைத் திறக்கும் சாவி உள்ளே போக மறுக்கிறது. அது போக வேண்டிய துளைகள், நான் தளர்ச்சியின் வாயில் என்று கருதி நிரப்பிய பெரிய துளைகள்தாமாம். கழுத்திலிருந்த சிறு துளைகளில் தலையில்லாத திருகுகள் இருந்தனவாம். சக்கு எதிர்த்திசையில் கழலாமல் பூட்டுவதற்கென்றே வைத்தவையாம். அவற்றை இறுக்கியிருந்தால் இக்கடிதமே தேவைப்பட்டிருக்காதாம். மாப்பிள்ளை இதை எல்லாம் மிகவும் அமைதியாகச் சொன்னார். குமிழைச் சக்கு விடவில்லை. சக்கைத் தண்டு விடவில்லை. நான், மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பேரும் சேர்ந்து ஸ்பானரில் தொங்கிப் பார்த்தோம், லேத்துதான் நகர்ந்தது. ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். அறுத்தால் திருகாணி ஏற வேண்டிய துளை சக்குக்குள்ளேயே தங்கிவிடும். நெகிழித் தொட்டிலின் படம் மறுபடியும் கைப்பேசியில் ஏறிவிட்டது. விஷயத்தைக் கேட்ட என் மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: “வேற தொட்டில் வேண்டாம். பாப்பா அதுவரைக்கும் என் பக்கத்துலயே தூங்கட்டும். மாட்டினது ஒரு தாத்தா, கழட்டறது இன்னொரு தாத்தா. ரெண்டு பேரும் சேர்ந்து கொண்டு வாங்க.” ஆகவே சம்பந்தி, காலை எவ்வளவு விரைவில் மடக்க முடியுமோ அவ்வளவு விரைவில் மடக்கிக்கொண்டு வரவும். அதுவரை பொறுக்க முடியாதாகையால், இதைப் படித்தவுடன் தொலைபேசியில் அழைத்து வழி சொல்லவும். சம்பந்தியம்மாள் மேசைமேல் வைத்தாலும் சரி, எல்லாரும் கேட்டாலும் சரி. ஒன்று மட்டும். சக்கைக் கழற்ற எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லும்போது, எந்தப் பக்கம் நின்றுகொண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவும்.